சுருட்டக்கூடாத பந்தல்

மனோகரி சின்னம்மாவை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் எங்களில் அநேகரைப் பிடிக்காது. இதை இரண்டு தரப்பும் ஒளித்து வைத்ததில்லை. கல்யாண மண்டபங்களில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கடைசியாகத்தான் நிரம்பும். நிரம்பாவிட்டால் அதில் தன் கைப்பையை வைத்துவிட்டு ஆறுதலாகச் சாப்பிடுவார்.

அவர் என் அம்மாவின் தங்கை. நான் சில வருடங்கள் நாடு நாடாகத் திரிந்துவிட்டு மொன்றியலுக்குத் திரும்பியபோது அம்மாவும் அப்பாவும் ரொறன்ரோவுக்கு வீடு மாறியிருந்தார்கள். கர்க்லாண்டில் பெரிய வீடு வைத்திருக்கும் குலேந்திரன் மாமா, அம்மாவின் அண்ணன், என்னை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டார். இப்படித் திரிந்த பெட்டைக்கு இனி எவன் கிடைப்பான் என்று ஜெயனி மாமியிடம் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். அதன்பிறகு கூப்பிடவில்லை. சின்னம்மா என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் தன் மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்பைத் தந்து, குளியலறையில் தலைமயிர் கிடக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அதை அன்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் தேவையாக இருந்தது ஒரு திறப்புத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீதரன் சித்தப்பாவோடு இந்த நகரத்துக்கு வந்தவர் சின்னம்மா. சித்தப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். சின்னம்மா ஷபனெல் தெருவில் ஒரு தொழிற்சாலையில் குளிர் ஜக்கெற்றுகளுக்கு சிப் வைத்துத் தைத்தார். பிள்ளைகள் இல்லை. அதற்கும் குடும்பம் அவரைத்தான் குற்றம் சொன்னது. ஒரு பெப்ரவரிக் காலையில், காரை மூடியிருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா விழுந்தார், எழும்பவில்லை. செத்தவீடு முடிந்த கையோடு மாமா, சின்னம்மா தன் வீட்டு நிலக்கீழ் அறைக்கு வந்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வந்தால் சமையலுக்கும் ஒத்தாசையாக இருக்குமாம். சின்னம்மா எல்லார் முன்னாலும் கேட்டார், "அண்ணை, உங்கடை வீட்டிலை வேலைக்காரி நிண்டுட்டாவோ?" மாமி அதை இன்றுவரை மறக்கவில்லை.

தொழிற்சாலை மூடப்பட்டதும் சின்னம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டப் பழகினார். மஞ்சள் பஸ். காலையும் மாலையும் வெஸ்ட் ஐலண்ட் தெருக்களில் வளைத்துத் திருப்பி ஓட்டுவார். பின்னுக்குப் பிள்ளைகள் அடிபட்டால் கண்ணாடியைப் பார்த்து "லாஷே!" என்று பிரெஞ்சில் ஒரே ஒரு சத்தம் வைப்பார். விடு என்று அர்த்தம். யாருடைய தலைமயிரை யார் பிடித்திருந்தாலும் கை தானாக விட்டுவிடும்.

பெரிய வண்டி ஓட்டும் துணிவில்தான் அவர் அந்த மோட்டர்ஹோமை வாங்கினார். மனைவியை இழந்த ஒரு கிழவர் விற்ற பழைய வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு சின்னக் குசினி, நின்று திரும்ப மட்டும் இடமுள்ள ஒரு குளியலறை. வெளியே பக்கச் சுவரின் மேல் விளிம்பில் சுருண்டு கிடக்கும் ஒரு துணிக்கூரை. அதை ஓனிங் என்பார்கள். இரும்புக் கொளுக்கியால் பட்டியைப் பிடித்து இழுத்தால் விரிந்து வரும். முன்னுக்கு இரண்டு கால்கள் அதைத் தாங்கி நிற்கும். கீழே கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். சின்னம்மா தேத்தண்ணியை வீட்டில் குடித்தால் முகம் சுளிப்பார், அதன் கீழே இருந்து குடித்தால் சுளிக்கமாட்டார்.

மாமி அந்த வண்டிக்குத் தள்ளுவண்டில் என்று பெயர் வைத்தார். தனியாக ஒரு பொம்பிளை றோட்டுக் கரையில் படுத்து எழும்புவதை இந்தச் சனத்துக்கு என்னவென்று சொல்வது என்று மாமா என் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழாத குறை. ஆனால் வண்டியை நிறுத்த இடம் கொடுத்ததும் மாமாதான். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சின்னக் காருக்கே தெருவை நாலு சுற்றுச் சுற்றவேண்டும். மாமா வீட்டுப் பக்கத்தில் நீளமான வழி சும்மா கிடந்தது. இடம் கொடுத்ததை அவர் ஒரு நாளும் மறக்கவிடவில்லை. வருகிற விருந்தாளிகளை யன்னலருகே கூட்டிக்கொண்டுபோய், தங்கச்சியின் வண்டி, நான்தான் வைத்திருக்கிறேன் என்று காட்டுவார். சின்னம்மா நின்றாலும் காட்டுவார்.

அந்த ஓனிங்கைச் சின்னம்மா பார்த்த மாதிரி வேறு ஒருவரும் பார்த்து நான் காணவில்லை. காரணம் இருந்தது. முதல் கோடையில் சான் லோறன்ஸ் ஆற்றங்கரையில் அதை விரித்தபடி விட்டுவிட்டுக் கால் நனைக்கப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது கூரை துணியும் காலுமாக வண்டியின் முதுகுக்குப் பின்னால் புரண்டு கிடந்ததாம். கூடாரத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்த கியூபெக் ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், ஒருவரும் எழும்பவில்லை. அந்தத் துணியைக் கழற்றிக்கொண்டு வந்து, அதே அளவில் தடித்த கன்வஸ் வாங்கி வெட்டி, தொழிற்சாலை மூடியபோது வாங்கிவைத்த பழைய மெசினில் தானே புதிதாகத் தைத்துப் போட்டார். பச்சையும் வெள்ளையும் கோடு.

அதற்குப் பிறகு அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. மழைக்கு ஒரு காலை மற்றதைவிடப் பதிக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் துணி வயிறு தள்ளிக் கிழியும். துணி படபடக்காமல் ஓரத்தில் கவ்விகள் மாட்ட வேண்டும். நித்திரைக்குப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் சுருட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்காலில் அவர் கட்டியிருந்த பழைய சீலைத் துண்டு ஒன்று. அது தொங்கினால் இருக்கலாம். ஆடினால் பக்கத்தில் நிற்கவேண்டும். கம்பு மாதிரி நேரே நின்றால், தேத்தண்ணி கையில் இருந்தாலும் ஊற்றிவிட்டு எழும்ப வேண்டும். நான் ஒருநாள் இன்னும் இரண்டு மிடறு என்று இருந்தேன். கோப்பையைக் கையிலிருந்து பறித்துப் புல்லில் ஊற்றினார்.

போன ஜூன் கடைசியில் மாமாவின் மகள் நிருஷாவுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் சின்னம்மாவுக்குப் பிடித்த ஆட்களில் அவளைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். இரண்டாவது ஆளைத் தேடவேண்டும். மாமாவும் மாமியும் இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போன காலத்தில் அந்தப் பிள்ளை வளர்ந்தது சின்னம்மாவின் கட்டிலில். இப்போது மாமாவுக்குச் சொந்தமாகத் துப்புரவுக் கொன்ட்ராக்ட், கோயில் சபையில் பதவி. அந்தக் கட்டிலைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தாலிகட்டு. வெள்ளிக்கிழமை காலை வீட்டில் கன்னிக்கால் நடுவதற்கு ஐயர் நேரம் குறித்திருந்தார். பந்தல் போட்டு, அதன் ஈசான மூலைக் காலோடு ஒரு பச்சைத் தடியை நட்டு, காசு முடிந்த மஞ்சள் துணி கட்டி, சுமங்கலிகள் தண்ணீர் ஊற்றுகிற சடங்கு. அந்தக் காலும் பந்தலும் கல்யாணம் முடியும்வரை நிற்கவேண்டும். பந்தல்காரர் கிரி வியாழக்கிழமை தொலைபேசி எடுத்து, லவாலில் இன்னொரு வீட்டுக்குச் சாமான் போய்விட்டது, மன்னிக்கவேண்டும் என்றார். மாமா அவரைக் கொஞ்ச நேரம் தூஷணத்தால் திட்டினார். பிறகு யன்னலால் வெளியே பார்த்தார்.

சின்னம்மா அப்போது வண்டிக்குள் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. காஸ்பேசியில் கடலோரம் ஒரு முகாம் தளத்தில் கோடை முழுவதற்கும் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. சொந்த வண்டியோடு வந்தால் தங்க இடம் தருவார்கள். திங்கட்கிழமை புறப்படுவதாக இருந்தது. இந்த ஒரு பயணத்துக்காக அவர் அந்தக் குளிர்காலம் முழுவதும் பஸ்சில் பிள்ளைகள் வயிறு குமட்டி எடுத்த சத்தியைக் கழுவினார். எனக்குத் தெரியும், நான் அந்த உடுப்புகளைத் தோய்த்தவள்.

மாமா வந்து வண்டியைத் தட்டினார். "மனோ, உதை விரி. கன்னிக்காலுக்குப் பந்தல் வேணும்."

எவ்வளவு நேரத்துக்கு என்று சின்னம்மா கேட்டார். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் என்றார் மாமா. பகலில் தான் பக்கத்தில் நின்றால் விரிக்கலாம், இரவில் விட முடியாது, காற்று வந்தால் அந்த நிமிசமே சுருட்ட வேண்டும் என்று சின்னம்மா சொன்னார்.

"கன்னிக்கால் நட்ட பந்தலை ஆரும் சுருட்டுவினமோ?"

"அப்ப வேறை பந்தல் பாருங்கோ."

"அப்ப நீ வண்டிக்கு வேறை இடம் பார்."

மாமா போன பிறகு சின்னம்மா ஓனிங்கை விரித்து, ஏணி வைத்து ஏறி, சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷுமாகக் கழுவத் தொடங்கினார். கீழே நின்று வாளி பிடித்த நான், மிரட்டினவருக்கு இவ்வளவு ஊழியமா என்று கேட்டேன்.

"ஊத்தைத் துணிக்குக் கீழை பிள்ளை இருக்கிறதோ?" என்றார். அதோடு, வாளியை நேராகப் பிடிக்கச் சொன்னார்.

கன்னிக்காலுக்கு வழமையாக நடுகிற முள்முருக்குக்கு இந்த ஊரில் எங்கே போவது. மேப்பிள் கொப்பு ஒன்றை வெட்டி, மண் நிரப்பிய சிவப்பு வாளியில் ஊன்றி, ஓனிங்கின் வடகிழக்குக் காலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஐயர் மந்திரம் சொன்ன வேகத்தில் அவருக்கு இன்னொரு வீடு காத்திருந்தது தெரிந்தது. மாமி மஞ்சள் துணியை முடிந்தார். பட்டுச்சேலைக்காரிகள் வரிசையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கைம்பெண் வெளியே வரக்கூடாது என்று சின்னம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. வண்டியின் கதவு திறக்கிற இடத்தில் கதிரைகளை அடுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். நுளம்பு வலை போட்ட சின்ன யன்னலுக்குப் பின்னால் அவருடைய முகம் இருந்தது. நிருஷா ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்துக் கையை அசைத்தாள். மாமி அவளுடைய தோளைப் பிடித்துப் புகைப்படக்காரர் பக்கம் திருப்பினார்.

சடங்கு முடிந்ததும் மாமா கயிறு எடுத்தார். நீல நைலோன் கயிறு. ஓனிங்கின் இரண்டு கால்களையும் துணி சுருளுகிற முன் உருளையையும் சுற்றிக் கட்டி, ஒன்றை வேலிக்கு, ஒன்றை மேப்பிள் மரத்துக்கு, ஒன்றைக் கொங்கிறீற் கல்லுக்கு என்று இழுத்து முடிந்தார். இனிப் புயல் வந்தாலும் அசையாது என்று, உதவிக்கு வந்து நின்ற தன் மச்சான்மார் மூன்று பேருக்கும் சொன்னார். கதிரைகளைத் தள்ளிக்கொண்டு சின்னம்மா வெளியே வந்தார்.

"அண்ணை, இது தறப்பாள் இல்லை. தறப்பாளுக்கு நாலு பக்கமும் நிலம் பிடிச்சிருக்கும். இதுக்கு ஒரு பக்கம் வண்டியின்ரை சுவர். காற்றுத் தூக்கினால் உங்கடை கயிறு விடாது. சுவர்தான் விடும்."

கயிறு கட்டத் தனக்குத் தெரியும் என்றார் மாமா. ஒரு மச்சான், மனோகரி அக்கா காற்றுக்கும் பெல்லடிச்சு இறங்கச் சொல்லுவா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த இரவு சின்னம்மா வண்டிக்குள்ளேயே படுத்தார். காற்று வரவில்லை. அதுவும் அவருக்கு எதிராகத்தான் போனது. காலையில் மாமா கயிற்றைத் தட்டிக் காட்டி, என்ன நடந்தது, ஒண்டும் நடக்கேல்லையே என்று எல்லாரிடமும் கேட்டார்.

சனி மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டோடு வருவதாக இருந்தது. பத்து மணிக்கெல்லாம் மாமி என்னிடம் வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் பூமாலைக்கும் தைக்கக் கொடுத்த சட்டைக்கும் ஆள் போகவேண்டும் என்றார். சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, ஆறுதலாக வாங்கோ என்றார். அந்த ஆறுதல் என்ற சொல்லை அவர் இழுத்த இழுப்பு எனக்கு விளங்கியது. சின்னம்மாவுக்கும் விளங்கியது. ஆனால் நிருஷாவின் மாலை என்றதும் எழும்பிவிட்டார். போகமுதல் மாமாவிடம், காலில் கட்டின துணித்துண்டைப் பாருங்கோ, நேரே நிண்டால் எனக்கு உடனே போன் அடியுங்கோ என்று சொன்னார். ஓம் ஓம் என்றார் மாமா, தொலைபேசியில் வேறு யாருடனோ கதைத்தபடி.

மல்லிகை மாலைக்குக் கடைக்குள் நின்றபோது தெருவில் ஒரு சத்தம் கேட்டது. மரக்கறிக் கடையின் மட்டைப் பெட்டிகள் நடைபாதையில் உருண்டு போயின. எதிரே ஒரு பல்கனியில் சான் ஜோன் திருநாளுக்குக் கட்டிய கியூபெக்கின் நீலக் கொடி இன்னும் கழற்றாமல் கிடந்தது, அது பலகை மாதிரி விறைத்து நின்றது. சின்னம்மா மாலையை வாங்கவில்லை. என் கையைப் பிடித்த பிடி நோகச் செய்தது. மாமாவுக்கு நான் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் சின்னம்மாவின் கார் இரண்டு தரம் பக்கவாட்டில் தள்ளுப்பட்டது. வழி முழுவதும் அவர் மாமாவைத் திட்டிக்கொண்டு வந்தார். மாமாவுக்குப் பிறகு என்னை. நான் சிவப்பு விளக்கைப் பார்த்து மூச்சுவிட்டதற்குக்கூடத் திட்டினார்.

கர்க்லாண்டில் தெரு முனையிலேயே தெரிந்தது. ஓனிங் பாய்மரம் மாதிரி வயிறு தள்ளி மேலே எழும்பியிருந்தது. கயிறுகள் விறைத்து நின்றன. மாமாவும் மூன்று மச்சான்மாரும் ஆளுக்கொரு காலையும் கயிற்றையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் வண்டி தன் சில்லுகளில் ஆடியது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலே சுவரோடு ஓனிங்கைப் பிடித்திருந்த இரும்புத் தாங்கியின் ஆணிகள் பாதி வெளியே வந்திருந்தன. அதைச் சுற்றித் தகரம் சுருங்கிக் கிழிந்திருந்தது. இன்னும் இரண்டு வீச்சு. சுவர் உரிந்தால் அந்த வண்டி எங்கேயும் போகாது.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு நின்றார்கள். மாமி அவர்களுக்கு நடுவில்.

சின்னம்மா காரிலிருந்து இறங்கும்போதே கயிறுகளைக் கழற்றச் சொன்னார். உருளைக்குள் இருக்கிற சுருள்வில் தானாக உள்ளே இழுக்கும், கயிறு பிடிப்பதால்தான் போகாமல் நிற்கிறது என்றார். யாரும் அசையவில்லை. அவர் தன் கைப்பையைத் திறந்து தையல் கத்தரிக்கோலை எடுத்தார்.

"மனோ, நீ தொடாதை," என்றார் மாமா. தொங்கியபடியே சொன்னார்.

"அப்ப நீங்கள் அவிழுங்கோ."

மாமா அவிழ்க்கவில்லை. மச்சான்மார் அவிழ்க்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். நாளைக்குத் தாலிகட்டு, இன்றைக்குக் கன்னிக்காலில் கைவைத்தவன் என்ற பெயரை எடுக்க ஒருவரும் தயாரில்லை. அது எனக்குக் கோபத்தைத் தந்தது. பயமென்றால் விட்டு ஓடலாம், துணிவென்றால் அவிழ்க்கலாம். இவர்கள் தொங்கிக்கொண்டு நின்றார்கள்.

மாமி வாசலில் இருந்து மெதுவாக, மாப்பிள்ளை வீட்டாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கட்டினது சுமங்கலியள். அவிழ்க்கிறது நீங்களோ, மச்சாள்?"

சின்னம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமான முகம் இல்லை. பஸ்சில் கடைசிப் பிள்ளையும் இறங்கிவிட்டதா என்று கண்ணாடியில் பார்க்கிற முகம். பிறகு வேலிக் கயிற்றை வெட்டினார். மரத்துக் கயிற்றை வெட்டினார். கொங்கிறீற் கல்லின் கயிறு அறுந்து மாமாவின் முழங்கையில் அடித்தது. கடைசியாகச் சிவப்பு வாளி நின்ற கால். மாமா அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். சின்னம்மா மஞ்சள் துணிக்குக் கீழே கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டினார். வாளி சரிந்தது. மேப்பிள் கொப்பு மண்ணோடு கொட்டுண்டது. அப்போதும் மாமா விடவில்லை. மற்றவர்களும் விடவில்லை.

"லாஷே!"

நாலு பேரின் கைகளும் விட்டன. அவர்களுக்குத் தெரியாமலே விட்டிருக்கவேண்டும். மாமா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னம்மா காலிலிருந்த விசையைத் தட்டினார், கொளுக்கியால் பட்டியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்து விட்டார். பச்சையும் வெள்ளையும் கடகடவென்று சுருண்டு சுவரோடு போய் ஒட்டியது. கால்களை மடித்துப் பூட்டினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

அதன்பிறகு காற்று நின்றுவிட்டது.

அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. இன்னும் பத்து நிமிசம் அடித்திருக்கலாம். ஒரு மரக்கிளையை முறித்திருக்கலாம், பக்கத்து வீட்டுக் கூடாரத்தைத் தூக்கியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. இலை அசையாமல், வெயில் அடித்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு கீழே கொட்டுண்ட மண்ணைப் பார்த்தார்கள். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார்கள். சுவரில் பாதி வெளியே வந்து நின்ற ஆணிகளை என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. நான் காட்டப் போனேன். மாமா என்னை வாயை மூடச் சொன்னார்.

"வண்டியை எடு," என்றார் சின்னம்மாவிடம். "நாளைக்கு மண்டபத்துக்கும் வராதை."

மேல் மாடி யன்னலில் நிருஷா நின்றாள். கீழே வரவில்லை. மருதாணி போட்ட கை இரண்டையும் தொடாமல் விரித்து வைத்திருந்தாள். சின்னம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். காலணியில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு ஏறினார். வண்டி வழியால் பின்னுக்கு வந்து, ஒரு தரத்திலேயே திரும்பி, தெருவில் போய் மறைந்தது. மடித்துப் பூட்டிய ஓனிங் காலில் மஞ்சள் துணியின் பாதி சிக்கியிருந்தது.

கல்யாணத்துக்கு நான் போனேன். சின்னம்மாவுக்காகத்தான் போனேன், பார்த்து வந்து சொல்ல. மண்டபத்தில் புதிதாக ஒரு கொப்பு, புதிதாக ஒரு வாளி. ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. தாலி நேரத்துக்கு ஏறியது. மனோகரி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு மாமி, பஸ் வேலை என்றார். பள்ளிக்கூடம் மூடி ஒரு கிழமை. கேட்டவர்களின் பிள்ளைகளும் வீட்டில்தான் நின்றார்கள். ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் பிழைத்துப்போன எல்லாவற்றுக்கும் சின்னம்மாதான் காரணம். மாப்பிள்ளையின் தகப்பன் படியில் வழுக்கியது, நிருஷாவின் தேனிலவு விமானம் தாமதமானது, மாமியின் புதிய பாத்திரம் கழுவும் மெசின் தண்ணீர் ஒழுகியது எல்லாம் அந்தக் கத்தரிக்கோலின் வேலை. நிருஷா நல்லாகத்தான் இருக்கிறாள். அதற்கு மட்டும் யாரும் காரணம் தேடவில்லை.

ஓகஸ்டில் நான் பஸ் பிடித்துக் காஸ்பேசிக்குப் போனேன். எனக்கு ஒரு இடத்தில் நீண்ட நாள் இருக்க முடிவதில்லை. சின்னம்மா தாங்கியின் ஆணிகளை மாற்றி, கிழிந்த தகரத்துக்கு மேலால் ஒட்டுப் போட்டிருந்தார். வடிவில்லை, ஆனால் உறுதி. முகாம் தளத்தில் அவருக்கு மலசலகூடம் கழுவுவதும் வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதும் வேலை. காலையில் பார்த்தேன், ஓனிங்கை விரித்தபடி கடற்கரைக்குப் போன ஒரு குடும்பத்தை அந்த மணலில் வைத்தே பிரெஞ்சில் கிழித்துக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பிப் போய்ச் சுருட்டினார்கள். இங்கேயும் அவரை யாருக்கும் பிடிக்கவில்லை.

பின்னேரம் பச்சை வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்தோம். முன்காலில் பழைய சீலைத் துண்டைக் காணவில்லை. அதன் இடத்தில் மஞ்சள் துணி. ஓரம் தையல் போட்டு, நீளமாக, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முடிந்த காசு இன்னும் ஒரு நுனியில் இருந்தது, பாரத்துக்கு நல்லது போல. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நல்ல துணி," என்றார். "எறியேலுமோ?"

மாமா எனக்கு முதல்நாள் போன் அடித்திருந்தார். குளிர்காலத்துக்கு வண்டியை வழமைபோலக் கொண்டுவந்து விடலாம், இடம் சும்மாதான் கிடக்கிறது, ஆனால் ஒருதரம் வீட்டுக்கு வந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். சின்னம்மா கடலைப் பார்த்தார். இந்தக் கரையில் மரங்கள்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வளர்கின்றன.

"அங்கைதான் காற்றுக் கூடுதல் எண்டு சொல்லு," என்றார்.

மஞ்சள் துணி எழும்பி நேரே நின்றது. அவர் என் கோப்பையை வாங்கிப் புல்லில் ஊற்றினார்.